சர்ச் கன்சோலும் ஒரு பாய்க்கடையும்: கைக்காசு போடாமல் ஒன்றரை வருடம்

உம்மா பாய் நெய்கிறார். பத்தமடையில் இது ஒரு செய்தியே இல்லை. அவர் நெய்வதை நேரடியாக விற்கலாம் என்று 2023 கடைசியில் ஒரு வெப்சைட் போட்டேன். டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் கொடுத்தது போக விளம்பரத்துக்கென்று கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் இலவசம் என்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தேன்.

முதலில் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். "500 டைரக்டரிகளில் உங்கள் தளத்தை இலவசமாகச் சேர்க்கிறோம்" என்று ஒரு சேவை. போன் நம்பர், மெயில், முகவரி எல்லாம் கேட்டது, கொடுத்தேன். அந்தப் பட்டியல்கள் வழியாக ஒரு ஆள்கூட வரவில்லை. கடன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று மட்டும் தினமும் அழைப்பு வருகிறது, இன்றுவரைக்கும். அடுத்து, "நீ என் தளத்துக்கு லிங்க் கொடு, நான் உனக்குக் கொடுக்கிறேன்" என்று மெயில்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் அளவுக்கு மீறினால் அதை ஸ்பாம் என்றே கூகுள் தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. படித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். மெட்டா கீவேர்டை, அதாவது பக்கத்தின் கோடில் மறைவாக எழுதும் தேடல் சொற்பட்டியலை, நிரப்பச் சொல்லி இன்னும் வீடியோ போடுகிறார்கள். தேடல் வரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

இனி உருப்படியானது. சர்ச் கன்சோல். கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி. பழைய பெயர் வெப்மாஸ்டர் டூல்ஸ், 2015ல் பெயர் மாற்றினார்கள். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க டொமைன் செட்டிங்கில் கூகுள் தருகிற ஒரு அடையாள வரியை (டிஎக்ஸ்டி என்பார்கள்) ஒட்ட வேண்டும். எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது, தெரிந்தவர்களுக்குப் பத்து நிமிடம். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பைக் கொடுத்தேன். அதன்பிறகு பல வாரம் சுழியம். காரணத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்: என் முதல் பக்கத்தின் டைட்டிலில் "முகப்பு" என்று மட்டும் இருந்தது. உள்ளே பாய் என்ற சொல்லே படங்களில்தான் இருந்தது, எழுத்தில் இல்லை. கடைக்குப் பெயர்ப்பலகையில் "கடை" என்று எழுதி வைத்த மாதிரி.

அதைச் சரி செய்தபின் மெல்ல மெல்ல வரிகள் தெரிய ஆரம்பித்தன. ஜனங்கள் தேடல் பெட்டியில் என்ன தட்டுகிறார்கள், அப்போது நம் தளம் எத்தனை தடவை கண்ணில் பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், எத்தனையாவது இடம். இந்த நான்கும்தான் விஷயமே. பார்க்கப் பார்க்க மூன்று சங்கதி தெரிந்தது.

ஒன்று, எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடிக்கிறார்கள். தமிழில் பத்தமடை, குழப்பமில்லை. ஆங்கிலத்தில் பாதிப் பேர் இரண்டு 'டி' (T) போட்டு, பாதிப் பேர் 'டி'க்குப் பக்கத்தில் 'ஹெச்' போட்டு. புவிசார் குறியீட்டிலேயே இரண்டு 'டி'தான். நான் ஒன்றை மட்டும் எழுதியிருந்தேன். இரண்டாவதையும் இயல்பாக வருகிற இடத்தில் சேர்த்தேன்.

இரண்டாவது, "பட்டுப் பாயில் பட்டு உண்டா" என்ற கேள்வி. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுப் பட்டுப் பாயில் பட்டே கிடையாது. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, நூல் மாதிரிக் கிழித்து, பருத்திப் பாவில் நெய்வது. கை வைத்தால் பட்டாக இருக்கும், அவ்வளவுதான். கேட்கிறவர் ஏமாறக்கூடாது என்று அதற்கென்றே ஒரு பக்கம் எழுதினேன். இப்போது தளத்தில் அதிகம் படிக்கப்படுவது அதுதான். விளம்பர வாசகம் எழுத உட்கார்ந்திருந்தால் இதை நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

மூன்றாவதை அப்புறம் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. அரிதாகத் தேடப்படும் சொற்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடுகிறார்கள். சின்னத் தளத்துக்குப் பாதிச் சொற்கள் அப்படித்தான் போய்விடும், கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கும். 16 மாதத்துக்கு முந்தைய விவரம் கிடைக்காது, அதனால் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண சீசன் வியாபாரத்துக்குப் போன வருடம், அதற்கு முந்தின வருடம் என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் முடியாது.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கிற பிசினஸ் ப்ரொஃபைலும் இலவசம். வீடியோ எடுத்து உறுதிப்படுத்தச் சொன்னது. தெரு, போர்டு, தறி, நான் கதவைத் திறப்பது எல்லாம் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குப் போர்டே கிடையாது! ஃபிளெக்ஸ் அடித்து மாட்டியபின் எடுத்தேன். இலவசத்துக்கு ஆன ஒரே செலவு. அதிலேயே ஒரு குட்டி வெப்சைட்டும் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, சொந்த டொமைன் வாங்கியிருந்தேன். ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள், விதிப்படி கூடாது. நான் பாயை அனுப்பிய பிறகு லிங்க்கை அனுப்பி, மனசிருந்தால் எழுதுங்கள் என்பேன். மணமக்கள் பெயர் நெய்த பாய் வாங்கியவர்கள் கேட்காமலே படத்தோடு எழுதுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த கல்யாண வீடு கூப்பிடுகிறது.

வாட்ஸ்அப் பிசினஸ் எல்லாரும் புகழ்வார்கள். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புகிற பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர், அதுவும் நம் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். மளிகைக்கடைக்குச் சரி. கல்யாணப் பாயை ஒருவர் எத்தனை தடவை வாங்குவார்? கேட்லாக் மட்டும் பயன்படுகிறது.

யூடியூபில் உம்மா கோரை கிழிப்பதை ஷார்ட்ஸாகப் போட்டேன். நிறையப் பேர் பார்த்தார்கள், தளத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஷார்ட்ஸ் விவரத்தில் போடும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது. 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்தே அப்படி. அதையே ஆறு நிமிட வீடியோவாகப் போட்டு விவரத்தில் லிங்க் வைத்தேன். பார்வை குறைவு, ஆனால் வந்தவர்கள் விலை கேட்டார்கள்.

இப்போது அந்த மூன்றாவது. கன்சோலில் அதிகமாகக் கண்ணில் பட்டு, கிளிக் மட்டும் விழாத சொல் வெறும் "பத்தமடை". முதலில் விளங்கவில்லை. கூட வந்த சொற்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சுவாமி சிவானந்தர் 1887ல் பிறந்த ஊர் இது. அவர் பிறந்த இடத்தைத் தேடுகிறவர்களுக்கு நடுவில் என் பாய் வந்து நிற்கிறது. எனக்கு எரிச்சல். இந்தச் சொல்லால் என் கிளிக் சதவீதம் பார்க்க அசிங்கமாக இருந்தது. உம்மாவிடம் சொன்னேன்.

"அதுக்கென்னல, வழி கேக்கிறவங்களுக்கு வழி சொல்லேன்" என்றார்.

சொன்னேன். திருநெல்வேலி–தென்காசி ரயிலில் சேரன்மகாதேவியில் இறங்குவது, பஸ் எங்கே ஏறுவது, ஊரில் என்ன பார்க்கலாம், கடைசி வரியில் தறி பார்க்க விரும்பினால் எங்கள் வீடு. அந்தப் பக்கத்துக்கு இப்போது கிளிக் விழுகிறது. போன மாதம் இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு வந்தார்கள். தறியடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள், டீ குடித்தார்கள், பாய் வாங்கவில்லை. ஊருக்குப் போய் மேப்பில் ஐந்து நட்சத்திரம் போட்டு, கோரை கிழிக்கிற உம்மாவின் கைகளைப் படமாகப் போட்டிருந்தார்கள்.

போனைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வைத்துப் பார்த்தார்.

"மொகத்தப் போடலைல்லா?"