மயில்கழுத்து நிறத்தில் ஒரு மருதமுனைச் சாரி

பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சாரி கட்டிப் போகிற ஆள் நான். இலங்கையின் கிழக்கில் கல்முனைக்குக் கிட்ட இருக்கிற மருதமுனையின் கைத்தறி எப்படி, சாயம் போகுமா, கொடுக்கிற காசுக்குப் பெறுமதியா என்று கூடப் படிப்பிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். 2017இல் நெய்வித்த ஒரு சாரியை இன்றைக்கும் கட்டுகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் துணி. சுத்தப் பருத்தி. எங்கள் ஊர் வெயிலில் பாடவேளை முழுக்க நின்று படிப்பித்துவிட்டு வந்தாலும் உடம்பில் ஒட்டாது. புதிதில் கொஞ்சம் முறுக்காக நிற்கும், கொசுவம் விரிந்து விரிந்து வரும். நாலைந்து முறை தோய்த்த பிறகுதான் சொன்னபடி கேட்கும். மெஷின் துணியைப் போல ஒரே சீராகவும் இருக்காது. கரைக்குப் பக்கத்தில் விரலால் தடவினால் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் ஓரிடத்தில் நெருக்கியும் ஓரிடத்தில் தளர்ந்தும் கிடப்பது தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

நிறத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். நேராகப் பார்த்தால் பச்சை. நடக்கும்போது மடிப்புகளில் நீலம் எழும். நெடுக்கே ஓடுகிற பாவு நூல் நீலம், ஊடை நூல் பச்சை. இரண்டும் நெடுக்கும் குறுக்குமாகக் கலந்து வருகிற மயில்கழுத்து நிறம் அது. ஒரு சாரிக்காக மட்டும் பாவு போடமாட்டார்கள், ஒரே பாவில் பல சாரிகள் நெய்து எடுப்பார்கள். அதனால் ஒற்றைச் சாரிக்கு ஓடர் கொடுக்கப் போகிறவர்கள் தறியில் ஏற்கெனவே என்ன நிறம் ஏறியிருக்கிறதோ அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஊடையை மட்டும் நாம் தெரிவு செய்யலாம்.

நாங்கள் போன அன்று தறியில் நீலம் கிடந்தது. பச்சையை எடுத்தது அவர். நூற்கண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அந்த நீலப் பாவின் மேல் வைத்து, தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார். கல்முனைச் சந்தையில் மீன் வாங்கினாலும் அப்படித்தான் பார்ப்பார். கடைசியில் இந்தப் பச்சையை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அவர் பாண்டிருப்பு, திரௌபதை அம்மன் கோயிலுக்குக் கிட்ட வீடு. நான் களுவாஞ்சிகுடி. எங்கள் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டத்தான் அந்தச் சாரி. பாண்டிருப்பும் மருதமுனையும் அடுத்தடுத்த ஊர் என்பதால் தறி வைத்திருக்கிற நானாவை (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். 2004 சுனாமியில் நானாவின் தறி போய், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியதையெல்லாம் பஸ்ஸில் வரும்போது அவர்தான் எனக்குச் சொன்னார்.

நிச்சயம் நடக்கவில்லை. எங்கள் பக்கம் கலியாணத்துக்குக் குடி, அதாவது குலம், பார்ப்பார்கள். குடி தாய்வழியாக வரும், ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை, முறைக்கு அண்ணன் தங்கச்சி ஆகிவிடும். பெரியவர்கள் பேசத் தொடங்கி இரண்டு அம்மாமாரின் குடியையும் விசாரித்தபோது இரண்டும் ஒன்றாக இருந்தது. இரண்டு குடும்பத்துக்கும் இடையில் எந்தச் சொந்தமும் யாருக்கும் நினைவில் இல்லை, ஆனாலும் குடி ஒன்று. "என்னகா செய்யிற, முறை இல்லையே" என்று அம்மம்மா அழுதபடி சொன்னார். அதற்கு மேல் பேச்சில்லை.

இப்போது எத்தனையோ பேர் இதைக் கேட்பதே இல்லை. என்னோடு படிப்பிக்கிற ஒருத்தி ஒரே குடிக்குள்தான் கட்டினாள். அவளுடைய மகன் எங்கள் பள்ளியிலேயே படிக்கிறான். அந்தப் பிள்ளையைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். பொறாமை இல்லை. இன்னும் நாலு வருஷம் பிந்தி நாங்கள் சந்தித்திருந்தால் வீட்டில் சம்மதித்திருப்பார்களோ என்கிற ஆற்றாமை. அவர் கட்டாருக்குப் போய்விட்டார், பிறகு கலியாணமும் நடந்தது. நல்லாயிருக்கட்டும், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அவரைப் போல ஒருவரை அதற்குப் பிறகு நான் காணவில்லை, அந்தக் கவலை எனக்குக் குறையவும் இல்லை.

சரி, கடைக்கு வருகிறேன். அந்தப் பக்கம் போகவே மனமில்லாமல் சாரியை எடுக்காமலே விட்டிருந்தேன். பாதிக் காசுதான் கட்டியிருந்தோம், விற்றிருப்பார்கள் என்று நினைத்தேன். மாசக் கணக்காகக் கழித்து ஒருநாள் கல்முனையில் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போன வழியில் இறங்கிக் கேட்டேன். நானா உள்ளே போய், வெள்ளைத் துணியில் சுற்றி வைத்ததை எடுத்து வந்தார்.

"இது உங்கட பேருக்கு நெய்த சாரி, டீச்சர். வேற ஆளுக்கு எப்புடிக் குடுக்கிற?"

மிச்சக் காசை எடுத்தேன். வேண்டாம் என்றார். "தம்பி போறத்துக்கு முதல் வந்து கட்டிட்டுத்தான் போனவர்." பில் புத்தகத்தை விரித்துக் காட்டினார். தொகைக்குக் கீழே அவருடைய கையெழுத்து, கடைசி எழுத்தை எப்போதும் போல மேலே இழுத்து விட்டிருந்தார். நானாவின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே தறியில் நாடா இடமும் வலமும் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, நான் அழுது முடியும்வரை அங்கேயே இருக்க விட்டார்கள். ஒரு கடை இதைவிட என்ன செய்ய வேண்டும்?

பராமரிப்பு பற்றி நானா சொன்னதையே நானும் செய்கிறேன். முதல் இரண்டு மூன்று தோய்ப்பு தனியாக, குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்புப் போட்டு. என் சாரியில் நீலம் கொஞ்சம் இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. நிழலில் மறுபக்கம் திருப்பிக் காயப்போட வேண்டும். மெல்லிய கஞ்சி போட்டு, முழுக்கக் காய முதல் அயன் பண்ணினால் கொசுவம் நிற்கும். இத்தனை வருஷத்தில் கரையில் ஒரு நூல் பிரியவில்லை.

குறை என்றால் சட்டைத் துணி. கூட வருகிற துண்டு நீளக் கைச் சட்டைக்குக் காணாது, முதலே சொல்லி வையுங்கள். விலையும் முந்தி மாதிரி இல்லை. நூலும் சாயமும் வெளியிலிருந்து வருகிறவை, 2022 பொருளாதார நெருக்கடியில் ஏறிய விலை பழையபடி இறங்கவில்லை. போன மாசம் தங்கச்சியின் கலியாணத்துக்கு ஓடர் கொடுத்தபோது கேட்ட தொகை கூடத்தான். ஆனாலும் தறியில் இருந்து நெய்கிறவரை நேரில் பார்த்துவிட்டு எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை சட்டைத் துணிக்காகக் குறைத்தது. நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரங்களில் ஓடர் கொடுத்தால் பிந்தும். வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், தறி நிற்கும், கடையும் பூட்டு. மட்டக்களப்புப் பக்கமிருந்து வருகிறவர்கள் கல்முனை பஸ்ஸில் ஏறி, பெரியநீலாவணை தாண்டியதும் இறங்க ஆயத்தமாகுங்கள்.