ஸ்பாஞ்ச் ஃபில்டருடன் நான்கு ஆண்டுகள்

ஏர் பம்ப்பின் காற்றுக் குமிழிகளால் தண்ணீரைப் பஞ்சு வழியே இழுத்து வடிகட்டுவது ஸ்பாஞ்ச் ஃபில்டர். சென்னை கொளத்தூரில் வாங்கிய இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, ஏறத்தாழ 100 லிட்டர் கொள்ளும் என் மூன்றடி மீன் தொட்டியில் நான்காவது ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் போர் தண்ணீர் கடினமானது, அதன் பிஎச் 8-ஐ ஒட்டியே நிற்கும். அதனால் மென்மையான தண்ணீரை விரும்பும் கார்டினல் டெட்ரா மீன்கள் மீதிருந்த ஆசையை விட்டுவிட்டு, இத்தண்ணீரில் நன்றாக வாழக்கூடிய மாலி, பிளாட்டி, கப்பி ஆகியவற்றை மட்டுமே வளர்க்கிறேன்.

இதற்கு முன் பயன்படுத்திய, தொட்டியின் மேல் வைக்கும் டாப் ஃபில்டர் தண்ணீரைக் கண்ணாடி போல் வைத்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பாஞ்சில் அந்த அளவுக்குத் தெளிவு கிடைப்பதில்லை. வெளிச்சம் பட்டால் நுண்துகள்கள் மிதப்பது தெரியும். ஆனால் தெளிந்த தண்ணீரும் நல்ல தண்ணீரும் ஒன்றல்ல. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது. அதை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை ஸ்பாஞ்சின் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான். அவற்றுக்கு இடமும் ஆக்சிஜனும் கொடுப்பதே ஃபில்டரின் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

இதை உணர நான் கொடுத்த விலை பெரிது. இரண்டாம் ஆண்டுக் கோடையில் போர் வற்றியதால் வீட்டின் தண்ணீர்ச் சம்ப்பில் லாரித் தண்ணீர் நிரப்பியிருந்தோம். அந்த வாரத்தில் இரண்டு ஸ்பாஞ்சுகளையும் குழாயடியில் பிடித்து, புதிது போல் ஆகும்வரை கழுவினேன். குளோரின் கலந்த அந்த லாரித் தண்ணீர் பாக்டீரியாக்களை அழித்துவிட்டது. மூன்றாம் நாள் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறின. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டியது. பிஎச் 7 உள்ள தண்ணீரில் இந்த அளவு அவ்வளவு கொடியதல்ல. பிஎச் 8-க்கு ஏறும்போது நச்சு வடிவிலான அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது, வெப்பம் அதை மேலும் கூட்டுகிறது. குளோரின் நீக்கி கலந்த தண்ணீரால் தினமும் மூன்றில் ஒரு பங்கை மாற்றியும் ஐந்து கப்பிகளைக் காப்பாற்ற முடியவில்லை. தொட்டி பழைய நிலைக்குத் திரும்ப மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று.

இப்போது குமிழிகள் குறைந்து பெரிதாக வரத் தொடங்கினால், தொட்டியிலிருந்தே ஒரு வாளித் தண்ணீர் எடுத்து, ஒரு ஸ்பாஞ்சை மட்டும் நாலைந்து முறை பிழிகிறேன். கஷாயம் போல் அழுக்கு இறங்கும். ஸ்பாஞ்சின் பழுப்பு நிறம் போகாது, போகவும் கூடாது. மற்றொன்றின் முறை இரண்டு வாரம் கழித்துத்தான். நைட்ரேட்டை ஸ்பாஞ்ச் நீக்காது என்பதால் வாரம் 25 விழுக்காடு தண்ணீர் மாற்றுவதை நிறுத்தியதே இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரம் போனதும், பவர் பேங்கில் ஓடும் சிறு ஏர் பம்ப்பை அதே குழாயில் மாட்டினேன். ஒரு மீனும் சாகவில்லை. ஏர் பம்ப்பின் இரைச்சல் மட்டும் குறைதான். அதன் டயாஃப்ரமையும் (காற்றைத் தள்ளும் ரப்பர் சவ்வு) ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைப்பவர்கள் குழாயில், தண்ணீர் பம்ப்புக்குள் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடாமல் இருக்கக் கூடாது.

சென்ற மாதம் தம்பி புதிதாகத் தொட்டி வைத்தபோது, என் பழைய ஸ்பாஞ்சுகளில் ஒன்றைத் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் போட்டு எடுத்துச் சென்று அவன் ஃபில்டரில் மாட்டினேன். அங்கே நான்கு பிளாட்டிகள் விட்ட பிறகும் அம்மோனியா இன்றுவரை பூஜ்யத்திலேயே இருக்கிறது.