1946-இல் எங்கே போஸ்டிங் கிடைத்தால் நல்லது? ஜெர்மனி, பாலஸ்தீனம், ஜாவா, இந்தியா

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்ததும் பிரிட்டிஷ் சிப்பாய்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. 1945 ஜூன் 18 முதல் வரிசை முறை வந்தது. வயதையும் சேவைக் காலத்தையும் கூட்டி ஆளுக்கொரு குழு எண் கொடுத்தார்கள். இரண்டு மாத சேவை ஒரு வயதுக்குச் சமம். எண் சிறியதென்றால் சீக்கிரம் விடுதலை. அமெரிக்கர்களின் புள்ளிக் கணக்கில் கடல் கடந்த மாதங்களுக்குத் தனிப் புள்ளி உண்டு. பிரிட்டிஷ் வரிசையில் அது இல்லை. சரி, எங்கே இருந்தாலும் எண் மாறாது என்றால், எந்த ஊரில் காத்திருப்பது மேல்?

பலரும் ஜெர்மனி என்பார்கள். வீடு பக்கம், ஹாலந்து வரை ரயில், அங்கிருந்து இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்துக்குக் கப்பல். ஜெர்மானியர்களோடு பழகக்கூடாது என்ற தடை 1945 ஜூலையிலேயே தளர ஆரம்பித்தது. நகரங்கள் இடிபாடு, கள்ளச் சந்தையில் சிகரெட்டுதான் பணம். அதனால் ராணுவக் கேண்டீனில் மலிவாகச் சிகரெட் வாங்க முடிந்த சிப்பாய் அங்கே பணக்காரன். 1946-47 குளிர்காலம் கொடுமையானது, ஆனால் இங்கிலாந்திலும் அதே கதைதான்.

அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில் வெயிலும் கடலும் உண்டு, நிம்மதிதான் இல்லை; யூத ஆயுதக் குழுக்கள் அந்த ஆட்சியை எதிர்த்துத் தாக்கிக்கொண்டிருந்தன. 1946 ஏப்ரல் 25 இரவு டெல் அவீவில் ஒரு வாகன நிறுத்துமிடத்தைக் காவல் காத்த பாராசூட் வீரர்கள் 7 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூலை 22-இல் ஜெருசலேமின் கிங் டேவிட் ஹோட்டல் குண்டுவெடிப்பில் 91 பேர் இறந்தார்கள். ஹிட்லரோடு போரிட்டுத் தப்பியவன் இங்கே காவல் பணியில் சாக வேண்டுமா? என் பட்டியலில் இதற்குக் கீழே ஜாவா மட்டும்தான். டச்சுக்காரர்களின் காலனியாக இருந்த அந்த இந்தோனேசியத் தீவில், சுதந்திரம் கேட்ட இந்தோனேசியர்களோடு நடந்தது நேரடிப் போரே. 1945 அக்டோபர் 30-இல் அங்குள்ள சுரபயா நகரில் பிரிட்டிஷ் பிரிகேடியர் மல்லபி கொல்லப்பட்டார். நவம்பர் 10-இல் பிரிட்டிஷ் தரப்பு முழுத் தாக்குதலைத் தொடங்கியது. அதன் பெரும் சுமை இந்தியப் படைப்பிரிவுகள் மேல் விழுந்தது.

இந்தியாதான் சுவாரஸ்யமான கேஸ். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு உயிர் பயம் குறைவு, ஆனால் காத்திருப்பு கொல்லும். 1946 ஜனவரியில் பிரிட்டிஷ் விமானப் படையினரே பொறுமை இழந்து கராச்சியில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள்; அது இலங்கை, சிங்கப்பூர் வரை பரவியது. கப்பல் தட்டுப்பாடு என்று அரசு சொன்ன காரணத்தை அவர்கள் நம்பவில்லை. வேலையில்லாத முகாமில் பழைய ஒழுங்கு விதிகளைத் திணித்ததும் எரிச்சலைக் கூட்டியது. சண்டை முடிந்த பிறகு பூட்ஸ் பளபளப்பைச் சோதிக்கும் அதிகாரியை யாருக்குத்தான் பிடிக்கும்?

எண் நெருங்கிவிட்டவனுக்கு ஜெர்மனிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எண் பின்னால் இருந்து, கிழக்கிலேயே மூன்று வருடம் கழித்துவிட்டவன் நிலை வேறு. தரைப்படையில் அந்தப் பக்கம் 3 வருடம் 8 மாதம் முடித்தவர்களைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் ‘பைத்தான்’ என்ற ஏற்பாடு இருந்தது; 1945 ஜூனில் அதை 3 வருடம் 4 மாதமாகக் குறைத்தார்கள். ஊருக்குப் போனாலும் சீருடை கழலாது, மீதி சேவை அங்கே. ஆனாலும் அப்படிப்பட்டவன் இந்தியாவிலேயே இருந்து, கப்பல் ஏறும் நாளை எண்ணுவதே புத்திசாலித்தனம். கடைசியில் விடுதலையாகும்போது எல்லோருக்கும் உள்ள 56 நாள் சம்பள விடுப்போடு, வெளிநாட்டில் கழித்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நாள் கூடுதலாகவும் கிடைக்கும்.