நிச்சயதார்த்த மோதிரம்: எந்தக் கல், எந்தப் பிடி?

மோதிரம் வாங்கப் போகிறவர்கள் நேரத்தையெல்லாம் கல்லுக்கே கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கல்லை எது பிடித்திருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. கழுத்துச் சங்கிலி எதிலும் இடிபடாமல் கிடக்கும். மோதிரம் அப்படியில்லை, கதவுப் பிடி, குழாய், பாத்திரம் என்று நாள் முழுக்க எதிலாவது இடிபடும். அதனால் அழகைப் பார்க்கும்போதே எது தாங்கும் என்றும் பார்க்க வேண்டும்.

சுரங்கத்தில் எடுக்கும் வைரம், ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் இரண்டுமே வைரம்தான். இரண்டும் கார்பன் படிகம், கீறலை எவ்வளவு தாங்கும் என்று 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இரண்டுக்கும் கடினம் 10. பழகிய கண்ணும் லென்ஸும் இருந்தால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது, அதற்குத் தனிக் கருவி வேண்டும். எனவே சான்றிதழைக் கேளுங்கள். கல்லின் விளிம்பில் லேசரால் எண் பொறித்திருந்தால், அது சான்றிதழில் உள்ள எண்தானா என்று லென்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பணத்துக்கு ஆய்வக வைரம் பெரிதாகக் கிடைக்கும், ஆனால் விற்கப்போனால் அதற்குக் கிடைப்பது சொற்பம். சுரங்க வைரமும் கொடுத்த விலைக்குத் திரும்பப் போவது அரிது. போட்டுக்கொள்ளத்தான் வாங்குகிறோம் என்றால் ஆய்வக வைரமே போதும் என்பேன். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உருவான கல் என்பது மனதுக்கு முக்கியமானால், சரி, அதற்கான விலையைத் தெரிந்தே கொடுங்கள்.

வைரம் போலவே தெரியும் மொய்சனைட் வேறு பொருள், சிலிக்கன் கார்பைடு. 1893-இல் அரிசோனாவின் விண்கல் பள்ளத்தில் எடுத்த மாதிரிகளில் ஹென்றி மொய்சான் கண்டுபிடித்தது. கடினம் 9.25, தினசரி உபயோகத்துக்குத் தாராளம். ஒளியை வண்ணங்களாகப் பிரிக்கும் திறன் வைரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல், அதனால் வெயிலில் வானவில் தெறிக்கும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குக் கண்ணை உறுத்தும். வெப்பத்தை மட்டும் அளக்கும் சோதனைக் கருவி இதையும் வைரம் என்றே காட்டிவிடும், அந்தப் பீப் சத்தத்தை நம்பி வாங்காதீர்கள்.

வண்ணக் கல் வேண்டுமென்றால் நீலக்கல் அல்லது மாணிக்கம், இரண்டுக்கும் 9. மரகதத்துக்கு 7.5 முதல் 8 வரை இருந்தாலும் உள்ளே விரிசல்கள் இருக்கும், அவற்றை மறைக்கப் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். முத்தும் ஓபலும் தினமும் போடும் மோதிரத்துக்கு வேண்டாம். சாதாரணத் தூசியிலேயே 7 கடினமுள்ள குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, இவை அதைவிட மென்மை, துடைக்கத் துடைக்க மங்கிப்போகும்.

இனி பிடி. நான்கு அல்லது ஆறு கொக்கிகள் கல்லைத் தூக்கிப் பிடிக்கும் அமைப்பில் நாலாபக்கமும் வெளிச்சம் புகும். அழுக்கைக் கழுவுவதும் சுலபம். ஆனால் கொக்கியின் நுனி தேயும், நிமிரும், துணியில் மாட்டும். நான்கு கொக்கியில் ஒன்று போனாலே கல் ஆபத்தில் இருக்கிறது, ஆறில் ஒன்று போனால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கல்லைச் சுற்றி முழு விளிம்பாக உலோகம் கட்டிய அமைப்பில் பக்கவாட்டு வெளிச்சம் குறையும், கல்லும் சற்றே சிறிதாகத் தெரியலாம். ஆனாலும் கையால் வேலை செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வைரம் கீறல் படாது, ஆனால் சரியான கோணத்தில் அடிபட்டால் பிளந்துவிடும். கூர்முனை உள்ள சதுரம், பேரிக்காய் வடிவம் போன்றவற்றுக்கு முனையிலாவது உலோகம் மூடியிருக்க வேண்டும்.

உலோகத்தில் 22 காரட் தங்கம் (91.6%) நிறத்தில் ஜெயிக்கும், ஆனால் கொக்கிக்கு மென்மை அதிகம். 18 காரட் (75%) அந்த வேலைக்குப் பொருத்தம். வெள்ளைத் தங்கத்தின் பளிச்சென்ற வெண்மை பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற உலோகத்தால் வருவது. பூச்சு தேய்ந்ததும் மஞ்சள் எட்டிப்பார்க்கும், மறுபடி பூசச் செலவு. பிளாட்டினத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கீறினால் உலோகம் உதிராமல் ஒதுங்கி நிற்கும், மெல்ல மங்கலாகும், பாலிஷ் போட்டால் சரியாகும். கனமும் விலையும் கூடுதல்.

அப்புறம் பராமரிப்பு. வைரத்தில் எண்ணெய்ப்பசை நன்றாக ஒட்டும். கையில் கிரீம் தடவிய இரண்டே நாளில் கல் சோர்ந்துபோவது அதனால்தான். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவம், அரை மணி ஊறல். பிறகு மென்மையான பிரஷ்ஷால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேயுங்கள், அழுக்கு தங்குவது அங்கேதான். வாஷ்பேசினில் நேரடியாகக் கழுவாதீர்கள். மரகதம், முத்து, ஓபலை ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் போடவே கூடாது. குளோரின் கலந்த நீச்சல்குளத்துக்குப் போகுமுன் கழற்றிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை மோதிரத்தைப் பஞ்சின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் ஒரு கொக்கி நிமிர்ந்திருக்கிறது. காதருகே பிடித்து விரலால் தட்டும்போது சன்னமாக "டிக்" என்று கேட்டால், கல் ஆடுகிறது. அன்றைக்கே கழற்றித் தனிப் பெட்டியில் வைத்து, நகை வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.