கான்வாவா, ஸ்க்ராட்ச்சா: தரம் 8 வகுப்பிலிருந்து ஓர் ஒப்பீடு

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரையோரம் செல்லும் மரைன் டிரைவை ஒட்டிய ஒரு பாடசாலையில் தமிழ்மொழி மூல மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். மாணவர்கள் தாமே எழுதிய சிறுகதையைப் படமும் குரலும் சேர்ந்த படைப்பாக்கும் செயற்றிட்டத்துக்கு முதலாம் தவணையில் இணையவழி வடிவமைப்புக் கருவியான கான்வாவையும், இரண்டாம் தவணையில் கட்டளைத் துண்டுகளைக் கோத்துப் பாத்திரங்களை இயக்கும் சிறுவர் நிரலாக்கக் கருவியான ஸ்க்ராட்ச்சையும் பயன்படுத்தினோம். மூன்றாம் தவணைக்கு ஸ்க்ராட்ச்சையே தெரிவு செய்திருக்கிறேன்.

அழகில் கான்வாதான் முந்தும். தமிழ் யுனிகோட் எழுத்துருக்கள் உண்டு. ஆசிரியர் என உறுதிப்படுத்தினால் கல்விப் பதிப்பு இலவசம். ஆனால் ஆயத்த வார்ப்புருக்களில் படத்தை மாற்றியதோடு பலர் நிறுத்திக்கொண்டதால், ஆறு குழுக்களின் கதைகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கான்வாவுக்கு இணையமும் கணக்கும் வேண்டும். எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரேயொரு ரௌட்டர். இருபது கணினிகள் ஒன்றாகத் திறந்தால் பக்கம் பாதியில் நின்றுவிடும். கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு ஒவ்வொருவராக மீட்டுக் கொடுப்பதற்குள் நாற்பது நிமிடப் பாடவேளையில் கால்வாசி கரைந்துவிடும். "மிஸ், போன கிழமை செய்தது எங்கே?" என்ற கேள்வி வராத வாரமே இல்லை, பெரும்பாலும் வேறொரு கணக்கில் செய்து வைத்திருப்பார்கள்.

ஸ்க்ராட்ச் செயலியைக் கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். படைப்பு முழுவதும் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படுவதால் பென் டிரைவில் எடுத்துச் சென்று அடுத்த கணினியில் தொடரலாம். அந்தக் கோப்பு உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி அடக்கிய ஒரு ஸிப் (zip) பொதிதான். கோப்புப் பெயரின் பின்னொட்டை zip என மாற்றித் திறந்தால் மாணவர் வரைந்த படங்களும் பதிந்த ஒலிகளும் தனித்தனியே கிடைக்கும். ஒருமுறை கோப்பொன்று திறக்க மறுத்தபோது, ஒரு மாணவியின் பாட்டி குரலில் பதிவான தாலாட்டை இப்படித்தான் மீட்டோம்.

மற்றொரு குழு உரையாடலைப் பதிவுசெய்யும் நேரம் பார்த்துக் கரையோரப் பாதையில் ரயில் ஊதிக்கொண்டு போனது. மீண்டும் பதியச் சொன்னேன். அவர்களோ அந்த ஊதலை மட்டும் வெட்டியெடுத்து, பாத்திரம் மேடையின் விளிம்பைத் தொடும்போது ஒலிக்குமாறு கட்டளைத் துண்டுகளைக் கோத்தார்கள். முதலாம் தவணையில் இப்படி ஒன்றை எவரும் முயன்று பார்க்கவில்லை.

ஸ்க்ராட்ச்சில் முதல் இரண்டு வாரங்கள், திறந்ததும் திரையில் தோன்றும் பூனைப் பாத்திரத்தை நகர்த்துவதிலேயே போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். பொறுமையற்ற மாணவர்கள் அங்கேயே சலித்துப்போகிறார்கள். பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்த கதையை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும் தொல்லை இரண்டிலும் சமம். யுனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். என் அனுபவம் இரு தவணைகளும் ஒரு வகுப்பும் மட்டுமே. சாதாரண தர வகுப்புகளுக்கு இதே தெரிவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பரிசளிப்பு விழாப் பதாகைக்கு இப்போதும் கான்வாவைத்தான் திறக்கிறேன், வீட்டில், என் கைப்பேசி டேட்டாவில்.