பாரிஸில் சின்ன பிஸ்ட்ரோ: யாரோ நடத்தும் விருந்தில் சேரலாமா, நாமே கூட்டம் சேர்க்கலாமா, இரண்டு பேராகப் போகலாமா?

பாரிஸில் இருபத்தைந்து, முப்பது பேர் மட்டுமே உட்காரக்கூடிய, இடம் கிடைப்பதே அபூர்வமான பிஸ்ட்ரோக்கள், அதாவது சின்ன, எளிமையான சாப்பாட்டுக் கடைகள், சில உண்டு. அங்கே சாப்பிட மூன்று வழி இருக்கிறது. அந்தக் கடைக்கு வாடிக்கையாகப் போகும் ஒருவர் ஏழெட்டுப் பேருக்கு மேசை பிடித்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கி நடத்தும் விருந்தில் போய்ச் சேர்ந்துகொள்வது ஒன்று. நம் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைத் திரட்டி நாமே கடையோடு பேசுவது, வசதி இருந்தால் ஒரு ராத்திரிக்குக் கடை முழுவதையும் எடுத்துக்கொள்வது இன்னொன்று. கூட்டமே வேண்டாம் என்று இரண்டு பேராகப் போவது மூன்றாவது. என் ஓட்டு முதல் வழிக்கு. ஆனால் விருந்தை நடத்துபவர் யார் என்று பார்த்த பிறகுதான்.

காரணம் சமையலறை. இந்தக் கடைகளில் அடுப்படியில் நிற்பது பெரும்பாலும் இரண்டு மூன்று பேர். பத்துப் பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து மெனு எழுதிய கரும்பலகையைப் பார்த்து ஆளுக்கொன்றாகச் சொன்னால், பத்துத் தட்டும் ஒரே நேரத்தில் சூடாக வெளியே வர வேண்டும், அதுவரைக்கும் மற்ற மேசைகள் காத்திருக்கும். அதனால்தான் ஆறு அல்லது எட்டுப் பேரைத் தாண்டினாலே பல கடைகள் எல்லோருக்கும் ஒரே மெனு என்கின்றன, இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுகின்றன. பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் ஈழத் தமிழர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். ராத்திரி பதினொன்றரைக்குப் பாத்திரங்களோடு நிற்பவர் நம்மவராகவே இருக்கலாம், இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையை நன்றாக அறிந்தவர் நடத்தும் விருந்தில் இந்தச் சிக்கல் முன்கூட்டியே தீர்ந்துவிடும். என்ன சமைப்பது என்று சமையல்காரரோடு இரண்டு நாள் முன்பே பேசியிருப்பார், மேசைக்கு நடுவில் வைத்துப் பங்கு போடக்கூடிய பதார்த்தங்களாகக் கேட்டிருப்பார். பிஸ்ட்ரோ சாப்பாட்டில் பாதி அப்படிப்பட்டதுதானே. 1924இல் தொடங்கிய லாமி லூயி என்ற கடையில் வறுத்த கோழி முழுசாக வரும், கூடவே உருளைக்கிழங்கு மலைபோல வரும். ஏழாம் வட்டாரத்து ஷே லாமி ஜானில் பால்சோற்று இனிப்பைப் பெரிய கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். இரண்டு பேராகப் போனால் ஒன்றிரண்டு பதார்த்தத்திலேயே வயிறு நிறைந்துவிடும், எட்டுப் பேர் என்றால் ஒரே ராத்திரியில் அந்தக் கடையின் கைப்பக்குவம் முழுவதையும் ருசி பார்க்கலாம். தனியாகப் பயணம் வந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

விருந்து நடத்துவது என்றால் பணம் வசூலிப்பது மட்டும் இல்லை. பாரிஸில் ஜிம் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்கர் பல பத்தாண்டுகளாக ஞாயிறுதோறும் தன் வீட்டில் முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார், 2021இல் காலமானார். அது பிஸ்ட்ரோ இல்லை, சாப்பாடும் எளிமையானதுதான். ஆனால் வந்தவர்களின் பெயரை ஞாபகம் வைத்து ஒருவரை ஒருவருக்கு அறிமுகம் செய்துவைப்பார், அதற்காகவே உலகமெல்லாம் இருந்து வந்தார்கள். அந்த அக்கறை இல்லாத ஆள் நடத்தும் விருந்தில், பக்கத்தில் இருப்பவரோடு பேச எதுவும் இல்லாமல் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். அதனால் காசு கொடுக்கும் முன் அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: மொத்தம் எத்தனை பேர், அந்தக் கடைக்கு எவ்வளவு காலமாகப் போகிறார், ஒயின் தலைக்கான தொகையில் சேர்ந்ததா. கடைசிக் கேள்வி முக்கியம். குடிக்காதவரும் மற்றவர்களின் பாட்டிலுக்குச் சமபங்கு கட்டும் ஏற்பாடு நியாயமே இல்லை. சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும், மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் ஒன்றும் நடக்காது. சாலடில் பன்றிக்கொழுப்புத் துண்டு, சூப்பில் கோழிச்சாறு என்று எங்கே என்ன இருக்கும் என்று பார்த்துத் தெரியாது.

நாமே கூட்டம் சேர்ப்பதில் மகிழ்ச்சி அதிகம், அலைச்சலும் அதிகம். பிறந்தநாள், பிரிவு உபசாரம் என்றால் அதுதான் சரி, அந்நியர்கள் நடுவில் அதைச் செய்ய முடியாது. முன்பணம் கட்டும்போது ரசீதை ஒருமுறை படியுங்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் அது 'ஆர்' (arrhes) என்று இருந்தால் நாம் விலகினால் அந்தப் பணம் போகும், கடை விலகினால் இரண்டு மடங்கு திருப்பித் தர வேண்டும். 'அகோந்த்' (acompte) என்று இருந்தால் அது உறுதியான ஒப்பந்தம், நாம் விலகினாலும் கடை மீதித் தொகையைக் கேட்க முடியும். பன்னிரண்டு பேரில் மூன்று பேர் கடைசி நாளில் வரவில்லை என்பது நம் நண்பர்கள் வட்டத்தில் சாதாரணம் என்பதால் இதைச் சொல்கிறேன். குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் இலவசம், சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியது, டிப்ஸ் கட்டாயம் இல்லை. ஆளாளுக்குச் சாப்பிட்டதைத் தனித்தனியாகக் கணக்குப் போடச் சொன்னால் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சமமாகப் பிரித்துக் கட்டிவிடுங்கள்.

இரண்டு பேராகப் போவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சமையல்காரரின் வேலையைக் கவனித்துச் சாப்பிட விரும்பினால் அதுதான் வழி. இவ் காம்தபோர்த் என்ற சமையல்காரர் 1992இல் லா ரெகலாத் என்ற கடையைத் தொடங்கி, நட்சத்திர ஓட்டல் சமையலைப் பிஸ்ட்ரோ விலைக்குக் கொண்டுவந்தார். பிறகு 2005இல் லெ கோம்ப்துவாரைத் திறந்தபோது வாரநாள் ராத்திரியில் எல்லோருக்கும் ஒரே மெனுதான், நம் ஊர்ப் பந்தி மாதிரி. அதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், மத்தியானத்தில் முன்பதிவே கிடையாது, வரிசையில் நின்றால் இடம் கிடைத்தது. இன்றைக்கும் பல கடைகளில் மத்தியானம்தான் இரண்டு பேருக்குச் சுலபம், விலையும் ராத்திரியைவிடக் குறைவு. கூட்டத்துக்கு அந்த நேரம் ஒத்துவராது, எல்லோருக்கும் மறுபடி வேலைக்கு ஓட வேண்டியிருக்கும்.

விருந்தில் சேருவதாக முடிவு செய்தால் செவ்வாய், புதன் ராத்திரியாகப் பாருங்கள், நல்ல கடைகள் பலவும் ஞாயிறு, திங்களில் மூடியிருக்கும். ஆகஸ்டில் பாரிஸே விடுமுறைக்குப் போய்விடும் என்பதால் செப்டம்பர் நடுவில் தேதி கேளுங்கள், காளான் வர ஆரம்பிக்கும் நேரம் அது.