முதல் பணம் எதற்கு: கருவிக்கா, காப்புரிமைக்கா, வாசலுக்கா?

பெரிய நிதி உள்ள முன்னணி நிறுவனங்களுக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை, எல்லாவற்றையும் வாங்கிவிடுவார்கள். ஒரு வட்டாரப் பல்கலைக்கழகத்தின் கையில் ஆராய்ச்சிக்கென்று கொஞ்சம் பணம் சேரும்போதுதான் சண்டை ஆரம்பிக்கும். அறிவியல் துறைகள் உயர்தரக் கருவி கேட்கும். நிர்வாகம் காப்புரிமைப் பிரிவும், புதுத் தொழில் தொடங்குபவர்களுக்கு இடமும் உதவியும் தரும் இன்குபேட்டரும் வேண்டும் என்னும். இன்னொரு தரப்பும் உண்டு, குரல்தான் சன்னமாக இருக்கும்: சுற்றுவட்டாரத்து விவசாயியும் பட்டறைக்காரரும் தங்கள் பிரச்சினையோடு உள்ளே வர ஒரு வாசலைத் திறந்து வையுங்கள் என்பார்கள்.

மூன்றும் தேவைதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எது முதலில் என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முதலில் செய்வதுதான் மற்ற இரண்டின் கதியையும் தீர்மானிக்கிறது.

கருவிக்காரர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. முனைவர் பட்ட மாணவர் தன் சாம்பிளைக் கூரியரில் எங்கோ அனுப்பிவிட்டு, முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தால் ஆராய்ச்சி நகராது. சிக்கல் எல்லாம் திறப்பு விழாவுக்குப் பிறகு. வலிமையான காந்தத்தைக் கொண்டு மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறியும் என்எம்ஆர் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மீக்கடத்திக் காந்தம் (கடும் குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் கம்பிச் சுருள்) இரவும் பகலும் சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் திரவ ஹீலியத்துக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். யாரும் சோதனை செய்யாத விடுமுறை நாளிலும் ஹீலியம் மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கும். வழக்கமான கருவிகளில் திரவ நைட்ரஜனை ஏறக்குறைய வாரம் ஒரு முறையும், ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒரு முறையும் நிரப்ப வேண்டும். தவறினால் காந்தம் மீக்கடத்தும் தன்மையை இழந்து, மிச்ச ஹீலியமும் ஒரே மூச்சில் பீறிட்டு வெளியேறிவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வேறு தொல்லை. பக்கத்துச் சாலையில் லாரி போனாலோ, அடுத்த சுவரில் லிஃப்ட் ஓடினாலோ படம் ஆடும்.

கருவி வாங்கத் திட்ட நிதி கிடைக்கும். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் ஹீலியத்துக்கும் யாரும் தனியாகத் தரமாட்டார்கள். அதைவிட முக்கியம், கருவியின் மனநிலை தெரிந்த ஒரு டெக்னீஷியன். அவரைத் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருந்து, நல்ல வேலை கிடைத்து அவர் போய்விட்டால், அடுத்த நாளே கருவிக்கு உறை போட்டு மூடிவிடுவார்கள். என் கணக்கில், நிரந்தரச் சம்பளத்தில் ஆள் போட முடியாத பல்கலைக்கழகம் பெரிய கருவி வாங்கவே கூடாது. வாங்கினாலும் ஒரு துறைத் தலைவரின் பூட்டுக்குள் வைக்காமல், எல்லாத் துறைக்கும் வெளியாட்களுக்கும் பொதுவான கருவிக்கூடமாக நடத்த வேண்டும்.

இன்குபேட்டர்காரர்கள் காட்டும் உதாரணங்கள் கவர்ச்சியானவை. அமெரிக்காவில் 1980-இல் வந்த பே-டோல் சட்டம், அரசு நிதியில் நடந்த ஆய்வுகளின் காப்புரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழிவிட்டது. அதற்கப்புறம் பல நாடுகள் அதே பாதைக்கு வந்தன. ஆனால் ராயல்டியில் கொழித்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில பல்கலைக்கழகங்கள்தான். பெரும்பாலான காப்புரிமைப் பிரிவுகளுக்குத் தங்கள் செலவைத் தாங்களே ஈட்டுவதுகூடக் கஷ்டம்.

விதிமுறை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நார்வே நல்ல பாடம். 2003 வரை அங்கே பேராசிரியரின் கண்டுபிடிப்பு பேராசிரியருக்கே சொந்தம். அந்த ஆண்டு சட்டத்தை மாற்றி, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு பேராசிரியருக்கு, மீதி பல்கலைக்கழகத்துக்கு என்றாக்கினார்கள். காப்புரிமைகளும் ஸ்டார்ட்அப்களும் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். பின்னர் ஹ்விடே, ஜோன்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் தரவுகளை ஆராய்ந்து பார்த்தபோது, இரண்டுமே ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ராப்பகலாக உழைக்க வேண்டியவரின் பங்கைக் குறைத்தால் வேறென்ன நடக்கும்?

இன்குபேட்டர் நன்றாக நடந்தாலும் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: பலன் ஊரில் தங்குமா? நெதர்லாந்தின் என்ஸ்கெடே நெசவாலைகளால் வாழ்ந்த நகரம். அங்கே 1961-இல் நிறுவிய ட்வென்டே பல்கலைக்கழகம், ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு, 1984-லேயே பட்டதாரிகள் சொந்தத் தொழில் தொடங்க இடமும் வழிகாட்டலும் தரும் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. இதில் முன்னோடி என்றே சொல்லலாம். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர்தான் 1996-இல் புக்கிங்.காம் தளத்தின் முதல் வடிவத்தைத் தொடங்கினார். இன்று அதன் தலைமையகம் ஆம்ஸ்டர்டாமில். வளர்ந்த கம்பெனி பெருநகரத்துக்குப் போகும், அதைத் தடுக்கவும் முடியாது. ஊரிலேயே தங்குபவை பெரும்பாலும் சின்னச் சின்ன நிறுவனங்கள். அவற்றை எண்ணிக் கணக்குக் காட்டினால் யாரும் கைதட்டமாட்டார்கள் என்பதால், ஆண்டறிக்கைகளில் அவை அவ்வளவாக இடம்பெறுவதில்லை.

இனி வாசல். என்னைக் கேட்டால் முதல் பணம் இதற்குத்தான்.

1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயலுக்கு நடுவே, ஒரு விவசாயி அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வண்டியோட்டி வந்தார். வண்டியில் செத்துப்போன ஒரு கிடாரி, பால் கேன் நிறைய உறையாத ரத்தம், அது தின்ற, ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப் பயிரின் கெட்டுப்போன வைக்கோல். அவர் தேடி வந்த கால்நடை அலுவலகம் மூடியிருந்தது. திறந்திருந்த உயிர்வேதியியல் கட்டடத்துக்குள் நுழைந்தவர், கார்ல் லிங்க் என்ற பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அவருக்கு உருப்படியான தீர்வு எதுவும் கிடைக்கவில்லை, அந்தத் தீவனத்தைப் போடாதே என்பதைத் தவிர. ஆனால் லிங்க்கின் குழு அந்தத் தீவனத்தை விடவில்லை. ரத்தத்தை உறையவிடாத பொருளைப் பிரித்தெடுக்கவே சுமார் ஆறு ஆண்டுகள் பிடித்தன. அதிலிருந்து வளர்ந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகவும், 1954-இல் மனிதர்களுக்கான மருந்தாகவும் வந்தது.

இதில் வாசல் மட்டும் போதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே தேர்ந்த வேதியியலாளர் இருந்தார். பணமும் இருந்தது: அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஸ்டீன்பாக், உணவில் வைட்டமின் டி சேர்க்கும் முறைக்குப் பெற்ற காப்புரிமையை நிர்வகிக்க 1925-இல் உருவான அறக்கட்டளை ஆய்வுக்கு உதவியது. அந்த அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்திலிருந்துதான் மருந்துக்கே பெயர் வைத்தார்கள். மூன்று கட்சிகளும் ஒரே கதையில் இருக்கின்றன. ஆனாலும் அந்தத் தீவனம் உள்ளே வராவிட்டால் மற்ற இரண்டுக்கும் இதில் வேலையே இல்லை.

வாசலுக்கும் ஆபத்து உண்டு, யாருக்காகத் திறக்கிறோம் என்பதில். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் தக்காளி அறுவடை இயந்திரத்தையும், அதன் அடியைத் தாங்கும் கெட்டியான தக்காளி ரகத்தையும் உருவாக்கினார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அருமையான வேலை. ஆனால் அந்த இயந்திரம் பெரிய பண்ணைகளுக்குத்தான் கட்டுப்படியாகும். 1960-களின் தொடக்கத்தில் சுமார் 4,000 ஆக இருந்த தக்காளி விவசாயிகளின் எண்ணிக்கை 1973-இல் 600 அளவுக்கு இறங்கியது. கூலி வேலையும் பெருமளவு போனது. 1979-இல் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்கே போட்டார்கள். உள்ளே வரும் பிரச்சினைகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பெரிய முதலாளிகள் மட்டும் இருந்தால் இப்படித்தான் முடியும்.

செலவிலும் வாசல்தான் மலிவு. ஒரு அறை, வருகிறவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எந்தத் துறைக்கு அனுப்பலாம் என்று தெரிந்த இரண்டு பேர், தண்ணீர், மண், உலோகம், உணவுப் பொருள் ஆகியவற்றைச் சோதித்துத் தர எளிய கருவிகள். பட்டறைக்காரருக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி பெரும்பாலும் தேவைப்படாது. தன் இரும்பு ஏன் விரிசல் விடுகிறது என்று யாராவது சொன்னால் போதும். அப்படி வரும் கேள்விகளில் பத்தில் ஒன்பது பாடப்புத்தகத்திலேயே தீர்ந்துவிடும். பதில் இல்லாத பத்தாவது கேள்விதான் ஆராய்ச்சி. அப்படிப்பட்டவை சேரச் சேர, எந்தக் கருவி வேண்டும் என்பதும் தானாகத் தெரியவரும். காப்புரிமைப் பிரிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வாசல் திறந்தும் கூட்டம் இல்லை என்றால் பதவி உயர்வு விதிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கட்டுரை எண்ணிக்கைக்கு மட்டும் மதிப்பெண் போடும் இடத்தில், கிடாரியோடு வருகிறவருக்கு எந்த இளம் ஆசிரியரும் அரை நாளை ஒதுக்கமாட்டார். வெளியாருக்குத் தீர்த்துக்கொடுத்த பிரச்சினைக்கும் மதிப்பெண் உண்டு, அதற்காகச் செலவிட்ட மணி நேரம் வகுப்புச் சுமையில் கழியும் என்று எழுத்தில் வர வேண்டும். இதற்குத் தனி நிதி எதுவும் வேண்டாம், ஆட்சிக்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.